குன்னூர்ச் சரிவில் 3.5 கிகாஹெர்ட்ஸ்: நகர அலைபரவல் மாதிரிகள் ஏன் பொருந்தவில்லை?

பெட்போர்டு_நடையன்

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். சொந்த ஊர் குன்னூர். நகரப் பகுதிகளில் உயர் அதிர்வெண் அலைகள் எவ்வாறு பரவுகின்றன என்பதைக் கணித மாதிரி கொண்டு கணித்து, அந்தக் கணிப்பை அளவீட்டுடன் ஒப்பிடுவது என் ஆய்வேட்டின் பொருள். கோவையிலோ சென்னையிலோ அளந்திருந்தால் இந்நேரம் முடித்திருப்பேன். சொந்த ஊரிலேயே அளக்கலாம் என்ற ஆசையில் மாட்டிக்கொண்டேன்.

மேல் குன்னூரில், பெட்போர்டுக்கு அருகே ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் 5ஜி டவர் ஒன்று உள்ளது. அது 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அங்கிருந்து பேருந்து நிலையம் வரை சாலை வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் கைப்பேசியை வைத்துக்கொண்டு பலமுறை நடந்து அளந்தேன். ஒப்பீட்டுக்கு, கைப்பேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டி.ஆர். 38.901 ஆவணத்தில் உள்ள நகரத் தெரு மாதிரியை எடுத்துக்கொண்டேன். அதன்படி 200 மீட்டர் தொலைவில் டவர் நேராகத் தெரிந்தால் பாதை இழப்பு (வழியில் அலை இழக்கும் திறன்) 91.6 டெசிபெல், மறைந்திருந்தால் 115.2 டெசிபெல்.

அளவீட்டில் கிடைத்தது வேறு. டவரிலிருந்து 160 மீட்டர் தொலைவில், படிக்கட்டின் கீழ்ப்பகுதியில், மறைவுக்கான கணிப்பைவிட இழப்பு 20 டெசிபெலுக்கும் மேல் கூடுதலாக வருகிறது. ஆனால் ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால், தடையே இல்லாத வெளியில் ஏற்படும் வெற்றுவெளி இழப்பான 103.3 டெசிபெலை ஒட்டியே அளவீடு வருகிறது. அருகில் இருப்பவனுக்கு இல்லை, அக்கரையில் இருப்பவனுக்கு உண்டு என்ற இந்த நிலையை எந்த மாதிரி விளக்கும்?

கோத்தகிரி_ஓய்வு

தம்பி, மாதிரியைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று செய்திகளைத் தெரிவிக்கவும். முதலாவது, கைப்பேசி காட்டும் சிக்னல் அளவான ஆர்எஸ்ஆர்பி என்பது ஒரே ஒரு துணை அலைவரிசைக் கூறின் திறன். 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அத்தகைய கூறுகள் 3276 இருக்கும். டவரின் மொத்தத் திறனிலிருந்து 35.2 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் இழப்பைக் கணக்கிட்டீர்களா? இரண்டாவது, அந்த 160 மீட்டர் கிடைத்தொலைவா, சாய்தொலைவா? நீங்கள் நின்ற இடம் ஆன்டெனாவைவிட எவ்வளவு தாழ்வு? மூன்றாவது, ஆன்டெனாவின் ஆதாயத்தை, அதாவது அது ஒரு திசையில் அலையைக் குவிக்கும் அளவை, எவ்வாறு எடுத்துக்கொண்டீர்கள்?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையிலும் சமவெளியிலும் டவர் திட்டமிட்டவன். இத்தகைய புதிர்களில் பாதிக்கு மேல் விடை இந்த மூன்றுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் முதலில் வரும் ஒக்குமுரா மாதிரி 1968இல் தோக்கியோ வட்டாரத்தில் எடுத்த அளவீடுகளின் மேல் நிற்பது. ஹாட்டா 1980இல் அதைச் சமன்பாடாக்கினார். அதில் டவரின் உயரம் என்பது தரையிலிருந்து அளக்கும் உயரம் அன்று. கைப்பேசி இருக்கும் திசையில் 3 முதல் 15 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தின் சராசரி மட்டத்திலிருந்து ஆன்டெனா எவ்வளவு மேலே இருக்கிறது என்பதே அந்த உயரம். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் பக்கம் பார்த்தால் அந்த 15 கிலோமீட்டருக்குள் நிலம் ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது. ஆகவே உயரம் பல நூறு மீட்டர் என்று வரும். தொட்டபெட்டா பக்கம் பார்த்தால் அதே ஆன்டெனாவின் உயரம் சுழிக்குக் கீழே போய்விடும். ஹாட்டாவின் சமன்பாடு 30 முதல் 200 மீட்டர் வரைதான் செல்லும். 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் செல்லாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஊரின் வடிவத்திலேயே அது உடைந்துபோகிறது.

பெட்போர்டு_நடையன்

மிக்க நன்றி ஐயா. 35.2 டெசிபெலைக் கழித்துவிட்டேன். முதல் முறை மறந்து, வழிகாட்டியிடம் திட்டு வாங்கிய பிறகு திருத்திக்கொண்டேன். 160 மீட்டர் என்பது வரைபடத்தில் அளந்த கிடைத்தொலைவு. உயரத் தாழ்வு ஏறத்தாழ 70 மீட்டர். ஆன்டெனாவின் ஆதாயத்துக்கு, அத்தகைய ஆன்டெனாக்களின் விவரத்தாளில் உள்ள உச்ச மதிப்பை எல்லா இடங்களுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தினேன்.

கோத்தகிரி_ஓய்வு

எழுபதை நூற்று அறுபதால் வகுத்துக் கோணத்தைக் காணுங்கள்: 23.6 பாகை. நீங்கள் ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 24 பாகை கீழே நிற்கிறீர்கள். ஊரின் மேல் நிற்கும் பெரிய டவர்களின் ஆன்டெனாவுக்குச் செங்குத்துத் திசையில் கற்றையின் அகலம் பெரும்பாலும் பத்துப் பாகைக்குள்தான் இருக்கும். அதைச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தாலும், உங்கள் படிக்கட்டு முதன்மைக் கற்றைக்கு வெளியே, பக்கக் கற்றைகளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே விழுகிறது. அங்கே ஆதாயம் உச்சத்தைவிட 15, 20 டெசிபெல் குறைவது மிகச் சாதாரணம். எதிர்ச்சரிவில் நிற்பவனோ கிட்டத்தட்ட ஆன்டெனாவின் கண்ணுக்கு நேராக நிற்கிறான்.

ஆகவே உங்கள் 20 டெசிபெலில் பெரும்பகுதி அலைபரவலின் இழப்பே அன்று. விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதுதான். சமவெளியில் 25 மீட்டர் டவருக்கு அடியில் 50 மீட்டர் சுற்றுவட்டத்தில் மட்டும் தென்படுகிற இந்த விளைவு, சரிவில் ஒரு தெருவையே விழுங்கிவிடுகிறது. கோவையில் எவரும் இதைப் பொருட்படுத்தாமல் தப்பித்துக்கொள்ளலாம், குன்னூரில் முடியாது.

வருத்தப்பட வேண்டாம். நான் பணியில் சேர்ந்த புதிதில் இதே தவறைச் செய்து, ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு மேலேயே டவரை வைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தேன். டவர் எழுந்தது; அடுத்த பள்ளத்தாக்கில் உள்ளவர்களெல்லாம் நன்றாகப் பேசினார்கள். லைன் வீட்டுக்காரர்கள் மட்டும் டவரைப் பார்த்துக்கொண்டே சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள்.

கதிர்த்தடம்_உதகை

ஐயா சொன்னது சரியே. ஆனால் ஆன்டெனாவோடு கதை முடிந்துவிடவில்லை. மாதிரியிலும் குற்றம் உண்டு. நான் கதிர்த்தட முறையில், அதாவது ஒவ்வொரு கதிரும் பட்டுத் திரும்பும் வழியைத் தொடர்ந்து, அலைபரவலைக் கணக்கிடும் மென்பொருளில் வேலை செய்பவன், வளர்ந்தது உதகையில்.

நீங்கள் எடுத்துக்கொண்ட தெரு மாதிரியில், டவர் நேராகத் தெரிவதற்கான நிகழ்தகவு தொலைவை மட்டுமே சார்ந்தது. 18 மீட்டர் வரை நிச்சயமாகத் தெரியும். அதன் பின் விரைவாகக் குறைகிறது. 200 மீட்டரில் அது நூற்றுக்கு ஒன்பதளவு. ஒரு கிலோமீட்டரில் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடாது. சமதளத்தில், இருபுறமும் கட்டடம் நிற்கும் தெருவில், பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருக்கிறது என்பதே இதன் அடிப்படை. பள்ளத்தாக்கைச் சுற்றி எழும்பிய ஊரில் நிலைமை தலைகீழ். எதிர்ச்சரிவில் உள்ள வீடுகள் அரங்கத்துப் படிகளைப் போல ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு டவர் தெரியும். அதே சரிவில் டவருக்குக் கீழே 100 மீட்டரில் இருப்பவனுக்குத் தெரியாது. தொலைவு கூடக் கூடப் பார்வை குறையும் என்ற அடிப்படையே இங்கு செல்லுபடியாகவில்லை.

அடுத்தது முறிவுத் தொலைவு. நேர்க்கதிரும் தரையில் பட்டுத் திரும்பும் கதிரும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும் தொலைவுக்கு அப்பால், தொலைவு பத்து மடங்கானால் இழப்பு ஏறத்தாழ 20 டெசிபெல் கூடும் என்ற வேகத்திலிருந்து 40 டெசிபெல் கூடும் என்ற வேகத்துக்கு மாறும். அந்த மாதிரியில் 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தத் தொலைவு 210 மீட்டர். ஆனால் பெட்போர்டிலிருந்து எதிர்ச்சரிவுக்குச் செல்லும் கதிருக்கு அடியில் தரையே இல்லை. ஆறும் கடைவீதியும் வெகு கீழே கிடக்கின்றன. இரண்டாவது கதிர் வந்தாலும் மிக நீண்ட பாதையில், வேறு கோணத்தில், சிதறித்தான் வரும். எனவே ஒரு கிலோமீட்டரிலும் வெற்றுவெளி இழப்பே வருகிறது. உங்கள் அளவீடு சொல்வதும் இதையே.

தரவு பற்றி ஓர் எச்சரிக்கை. நிலத்தின் உயரத்துக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு என்றால் அதன் கட்டம் 30 மீட்டர். மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரே கட்டத்துக்குள் நிலம் 10 மீட்டர் இறங்கிவிடுகிறது; அது நம் ஊரின் ஒரு வீட்டைவிட உயரம். தவிரவும் அந்த ரேடாரின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர், அடர்ந்த மரங்களுக்கு அடியில் உள்ள தரையை அது பார்க்கவில்லை. கற்பூர மரத் தோப்பு இருந்த இடத்தில் தோப்பின் மேற்பகுதியையே தரை என்று பதிந்து வைத்திருக்கிறது.

உதகை_ஆசிரியை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இயற்பியல் ஆசிரியை. இத்துறையில் வேலை செய்பவள் அல்லள். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் இணையம் படுத்துவிடுகிறது என்று எங்கள் பகுதியில் அனைவரும் சொல்கிறார்கள். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. உயர் அதிர்வெண் என்றால் பனித்துளிகள் அலையை உறிஞ்சிவிடும் என்று மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாதிரிகளில் பனிமூட்டத்துக்கு இடமே இல்லையா?

கொடை_இணைப்பாளர்

அம்மா, கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இங்கும் எல்லாரும் பனிமூட்டத்தின் மேல்தான் பழி போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது நிரபராதி. 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அடர்ந்த மூட்டத்தில்கூட ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் அரை கிராம் அளவுதான். 5ஜிக்கு உரிய இன்னும் உயர்ந்த 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக்கூட அதனால் ஏற்படும் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெலைக்கூட எட்டாது, 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு அது கணக்கிலேயே வராது. துளி மிகச் சிறியது, அலைநீளம் அதைவிட மிகப் பெரியது என்பதே காரணம். கண்ணுக்கு மறைவதெல்லாம் ரேடியோவுக்கு மறைவதில்லை.

மழை வேறு. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 26 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 டெசிபெல் போகும். ஆயினும் 200 மீட்டர் தொலைவுக்கு அது 2 டெசிபெலுக்கும் குறைவே.

அப்படியானால் உங்கள் அனுபவம் பொய்யா என்றால், இல்லை. என் கதையைச் சொல்கிறேன். பண்ணை வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கம்பியில்லா இணைப்பு அமைத்துத் தருவது என் தொழில். 2018 முதல் உரிமம் தேவையற்றதாக்கப்பட்ட 5.8 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறேன். வில்பட்டிப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் இணைப்பு ஒன்று மூன்று ஆண்டுகள் குறையின்றி ஓடியது. பிறகு, பனி இறங்கும் மாலைகளில் மட்டும் விழத் தொடங்கியது. கருவியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், இணைப்பு முனையில் நீர் புகாமல் மறுபடி நாடா சுற்றினேன், பயனில்லை. ஒரு நாள் தொலைநோக்கியை டிஷ்ஷின் பின்னால் வைத்துப் பார்த்தபோது எதிர்முனை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பார்வைக் கோட்டுக்குக் கீழே, ஒரு மீட்டர் இடைவெளியில், சீகை மரங்களின் கொழுந்து நின்றது. நான் இணைப்பு அமைத்தபோது அவை இடுப்பளவுக் கன்றுகள்.

பார்வைக் கோடு தெளிவாக இருந்தால் போதாது. அந்தத் தொலைவில், நடுவழியில், 5.8 கிகாஹெர்ட்ஸின் முதல் ஃபிரெனல் மண்டலத்தின், அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி அலை பயன்படுத்தும் வெளியின், ஆரம் 5 மீட்டர். அதில் அறுபது விழுக்காடு, அதாவது 3 மீட்டர், வெறுமையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். உலர்ந்த நாளில் அந்தக் கொழுந்து தாங்கக்கூடிய இழப்பைத்தான் தந்தது. பனியில் இலைகள் நனைந்ததும் ஒவ்வோர் இலையும் ஒரு நீர்ப்படலமாக மாறி, எஞ்சியிருந்த சிறு மிச்சத்தையும் தின்றுவிட்டது. பழி பனிமூட்டத்தின் மேல் விழுந்தது. தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கிளைகளை வெட்டிய அன்றே எல்லாம் சரியாயிற்று.

மாணவத் தம்பி, உங்கள் மாதிரியில் மரத்தைச் சேர்த்தீர்களா? வெய்ஸ்பெர்கரின் எளிய சமன்பாட்டின்படி 10 மீட்டர் இலையடர்வுக்கு 3.5 கிகாஹெர்ட்ஸில் 6.4 டெசிபெல், 26 கிகாஹெர்ட்ஸில் 11.4 டெசிபெல். 30 மீட்டரானால் 14, 25 என்று போகிறது. மேல் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைச் சுற்றி முப்பது மீட்டர் மரத்தைக் கடக்காமல் எந்தக் கதிர் போகும்?

உதகை_ஆசிரியை

நன்றி. வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் டவருக்கும் இடையில் சைப்ரஸ் வரிசை ஒன்று உண்டு என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பெட்போர்டு_நடையன்

ஆன்டெனாக் கோணத்தைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். டவரின் உண்மையான சாய்வு எனக்குத் தெரியாததால் ஊகித்த சாய்வைத்தான் வைத்தேன். அப்படியும் படிக்கட்டுப் பகுதியின் பிழை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கோத்தகிரி ஐயாவுக்கு நன்றி.

அடுத்த ஐயம். ஆய்வேட்டின் இரண்டாம் பகுதி 26 கிகாஹெர்ட்ஸைப் பற்றியது. 2022 அலைக்கற்றை ஏலத்தில், 3.5 கிகாஹெர்ட்ஸை உள்ளடக்கிய 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையுடன் அதுவும் விற்கப்பட்டது. ஆனால் இங்கே அளப்பதற்கு அத்தகைய டவர் இல்லை. 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவீட்டுடன் இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வெற்றுவெளி வேறுபாடான 17.4 டெசிபெலைக் கூட்டினால் போதுமா?

கதிர்த்தடம்_உதகை

நேராகத் தெரியும் இடங்களுக்குப் போதும். அங்கே அந்த 17.4 டெசிபெலுக்காக வருந்தவும் வேண்டாம். அது அலை வழியில் தேய்வதால் வருவதன்று. ஆதாயம் மாறாத ஆன்டெனாவின் பிடிபரப்பு அதிர்வெண் கூடும்போது சுருங்குவதால் வருவது. அதே பரப்பில் 26 கிகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா செய்தால் இழந்தது திரும்பக் கிடைத்துவிடும்.

மறைந்த இடங்களுக்கு அந்தக் கூட்டல் செல்லாது. ஒரு முகட்டை எடுத்துக்கொள்வோம். டவருக்கும் கைப்பேசிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். சரியாக நடுவில், பார்வைக் கோட்டுக்கு 20 மீட்டர் மேலே, கத்தி முனைபோல் ஒரு முகடு. வெற்றுவெளி இழப்புக்கு மேல், அந்த முகட்டில் விளிம்பு விளைவால் (விளிம்பைத் தாண்டி அலை வளைந்து இறங்குவதால்) கூடுதலாக ஏற்படும் இழப்பு 700 மெகாஹெர்ட்ஸுக்கு 21.6 டெசிபெல், 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 28.6 டெசிபெல், 26 கிகாஹெர்ட்ஸுக்கு 37.3 டெசிபெல். ஆன்டெனாவைப் பெரிதாக்கி இந்த வேறுபாட்டை அடைக்கலாம் என்றால், பெரிய ஆன்டெனாவின் ஒடுங்கிய கற்றையை எந்த விளிம்பை நோக்கித் திருப்புவது என்பதே கேள்வியாகிவிடும். உண்மையான முகடு கத்தியும் அன்று. உருண்டையாக, மரம் போர்த்தியதாக இருக்கும். இழப்பு இதைவிட அதிகம்.

சுவர்களைப் பற்றி அதே 38.901 ஆவணம் தரும் சமன்பாடு கண் திறப்பது. கான்கிரீட்டின் இழப்பு 5 டெசிபெலுடன் ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸுக்கும் 4 டெசிபெல். 3.5இல் 19 டெசிபெல். 26இல் 109 டெசிபெல். அதாவது சுவர் மூடிவிட்டது. சாதாரணக் கண்ணாடி 2.7 டெசிபெலிலிருந்து 7.2 டெசிபெலுக்குத்தான் ஏறுகிறது. ஆகவே 26 கிகாஹெர்ட்ஸ் வீட்டுக்குள் வருமா என்பது சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கேள்வியே. பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னல் உள்ளவன் பிழைத்தான். தடுப்புச் சுவரைப் பார்த்த சன்னல் உள்ளவனுக்கு வழியில்லை.

என்னைப் பல நாள் அலைக்கழித்த ஒன்று தகரக் கூரை. நம் ஊர்களில் சிவப்பு, பச்சை வண்ணம் பூசிய நெளிதகரம் எங்கும் உண்டு. மேலே உள்ள டவரிலிருந்து பார்த்தால் தெரு தெரியாது, கூரைகள்தாம் தெரியும். மென்பொருளில் அவற்றைத் தட்டையான உலோகத் தளமாக வைத்தேன். கண்ணாடியைப் போல அவை அலையை ஒரே திசையில் திருப்பின. நெளிவு ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஆழம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 3.5 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர், செங்குத்தாக வரும் அலைக்கு அந்தத் தகரம் கிட்டத்தட்டத் தளமாகவே நடந்துகொள்ளும். 26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.15 சென்டிமீட்டர். அப்போது அதே தகரம் ஆய்வுக்கூடத்து விளிம்பு விளைவுக் கீற்றணியாக மாறி, பல திசைகளில் அலையைப் பிரித்து எறியும். அதனால் 3.5இல் கூரையிலிருந்து கிடைக்கும் ஒரு வலுவான எதிரொளிப்பை 26க்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. கருங்கல் தடுப்புச் சுவரும் இவ்வாறே. மேடுபள்ளம் அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் வழவழப்பு என்று கொள்ளலாம். 26 கிகாஹெர்ட்ஸில் அது 1.4 மில்லிமீட்டர். எந்தக் கொத்தனார் அப்படிக் கல் வைப்பார்?

என் பரிந்துரை: கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைந்து, கதிர்த்தட முறையில் முழு ஊரையும் கணக்கிடுங்கள். சியோனா போன்ற திறந்த மென்பொருள்கள் இருக்கின்றன.

கோத்தகிரி_ஓய்வு

இங்கே நான் மாறுபடுகிறேன். கதிர்த்தட முறை அழகானது. ஆனால் அது உள்ளே போடும் வரைபடத்தைவிட நம்பகமானதாக ஆகாது. 30 மீட்டர் கட்டத்தில் நிலம், உயரம் தெரியாத கட்டடங்கள், எங்கே நிற்கிறது என்று எவரும் பதியாத மரங்கள், தெரியாத ஆன்டெனாச் சாய்வு. இவற்றை வைத்துக்கொண்டு ஐந்து முறை எதிரொளித்த கதிரைத் துல்லியமாகக் கணக்கிட்டு என்ன பயன்? வண்ணப்படம் கிடைக்கும், தேர்வாளர் மகிழ்வார்.

என் வழி எளிது. ஒவ்வோர் இடத்துக்கும் முதலில் ஒரே கேள்வி: டவர் தெரிகிறதா, இல்லையா? அதை வரைபடத்தில் ஊகிக்காதீர்கள். நடக்கும்போதே கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியும் இடங்களுக்கு ஒரு மீட்டர் வெற்றுவெளி இழப்பிலிருந்து தொடங்கி, தொலைவின் எத்தனையாவது படியில் இழப்பு கூடுகிறது என்ற ஒரே எண்ணைக் கொண்ட ஒற்றைப் படிக்குறி மாதிரி போதும். படிக்குறி 2ஐ ஒட்டி வரும். மறைந்த இடங்களுக்கு, மறைக்கும் விளிம்பு பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை ஒரு மாறியாகவும், இடையில் உள்ள மரத்தின் ஆழத்தை இன்னொரு மாறியாகவும் சேருங்கள். இரண்டு வகைக்கும் திட்ட விலக்கத்தைத் தனித்தனியாகக் கொடுங்கள். அந்த ஆவணமே நேர்பார்வைக்கு 4 டெசிபெல், மறைவுக்கு 7.82 டெசிபெல் என்று பிரித்துத்தான் தருகிறது. இரண்டையும் கலந்து ஒரே கோடு வரைந்தால், குன்னூரில் தொலைவு கூடக் கூட இழப்பு குறைகிறது என்ற வேடிக்கையான முடிவு வரும். உங்கள் முதல் பதிவில் அதுதான் நடந்தது.

மேலும் இரண்டு செய்திகள். ஒன்று, நின்ற இடத்தில் எடுத்த ஓர் அளவை நம்பாதீர்கள். பல கதிர்கள் கூடிக் குறையும் விரைவு ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய, நாற்பது அலைநீளத் தொலைவில் சராசரி எடுப்பது லீயின் பழைய விதி. 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு அது 3.4 மீட்டர், அதாவது ஐந்தாறு எட்டு வைக்கும் தொலைவு. இரண்டு, ஒரு மீட்டருக்கு ஒன்று என ஐந்நூறு புள்ளி எடுத்ததால் ஐந்நூறு தனித்தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரே கட்டடத்தின் நிழலில் பத்துப் பதினைந்து மீட்டர் வரை எல்லா அளவும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். மாதிரியைச் சோதிக்கும்போது புள்ளிகளைக் குலுக்கிப் பிரிக்காமல், ஒரு தெருவை முழுவதுமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றத் தெருக்களில் கற்றதைக் கொண்டு அதைக் கணியுங்கள். அப்போது வரும் பிழைதான் உண்மையான பிழை. கண்டிப்பாகப் பெரிதாக வரும். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

கதிர்த்தடம்_உதகை

தெருவை ஒதுக்கிச் சோதிக்கும் யோசனையை முழுமனதுடன் ஏற்கிறேன். ஐந்து எதிரொளிப்பு வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆனால் 26 கிகாஹெர்ட்ஸுக்கு இங்கே அளவீடே இல்லை என்று தம்பி சொல்கிறாரே, ஐயா. அளவீட்டிலிருந்து கற்கும் மாதிரிக்கு அளவீடு இல்லாத அதிர்வெண்ணில் கால் ஊன்ற இடமில்லை. அங்கே வடிவியலிலிருந்து தொடங்கித்தான் ஆக வேண்டும். வரைபடம் பிழையுடையது என்றால், பிழைக்கு ஏற்பக் கட்டட உயரங்களை முன்பின் அசைத்து நூறு முறை கணக்கிட்டு, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்துத் தரலாம். ஆடாத இடங்களில் நம்பலாம். ஆடும் இடங்களைச் சொல்லிவிடலாம்.

கோத்தகிரி_ஓய்வு

அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஆடும் இடங்களை வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கொடை_இணைப்பாளர்

தெரியாத சாய்வுடைய அடுத்தவர் டவரைப் பிடித்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றை, எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் சிறு ஆன்டெனாவுடன், அனுமதிக்கப்பட்ட திறனுக்குள் உங்கள் வீட்டு மாடியில் வையுங்கள். திறனும் ஆதாயமும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் என்பது கிடைத்தளத்தில் மட்டும்தான்; ஆதாயம் குறைந்த ஆன்டெனாவாகத் தேர்ந்தெடுங்கள், அதற்குத்தான் செங்குத்துக் கற்றை அகலமாக இருக்கும். இல்லையென்றால் கோத்தகிரி ஐயா மறுபடி 24 பாகைக் கணக்கைக் கேட்பார். என்னிடம் உபரியாக ஒரு கருவி உள்ளது, பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

பெட்போர்டு_நடையன்

அண்ணா, மிக்க நன்றி, அனுப்பி வையுங்கள். எங்கள் மாடியிலிருந்து கடைவீதியும் எதிர்ச்சரிவும் தெரியும். படிக்கட்டின் கீழ்ப்பகுதி தெரியாது. இரண்டு வகை இடங்களும் கிடைத்துவிடும். 5.8இல் முகட்டுக்கும் மரத்துக்கும் உரிய மாறிகளைப் பொருத்திய பிறகு, கதிர்த்தட முறையை அதே இடங்களில் சரிபார்த்து, அதன் பின்னரே 26க்குப் போகிறேன்.

உயரத்தை எப்படி அளப்பது என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் ஒரே படியில் நின்றாலும் பல மீட்டர் ஏறி இறங்குகிறது.

கோத்தகிரி_ஓய்வு

காற்றழுத்தமானியைப் பயன்படுத்துங்கள், பல கைப்பேசிகளிலேயே அது இருக்கிறது. குன்னூர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 10 மீட்டர். ஆனால் வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நான்கு மணியளவில் இறங்கும். அந்த வேறுபாடே இருபது, முப்பது மீட்டர் போலக் காட்டிவிடும். ஆகவே அரைமணி நேரத்துக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அளந்து, இடையில் ஏற்பட்ட நகர்வைப் பகிர்ந்து கழியுங்கள். இல்லையெனில் ஒருவர் மாடியிலேயே இன்னொரு கைப்பேசியுடன் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெட்போர்டுக்கு வந்துவிடுகிறேன். முழங்கால் வலியால் படிக்கட்டு எனக்கு ஆகாது. மாடியில் உட்காரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மரங்களின் ஆழத்தை அளக்க ஐம்பது மீட்டர் நாடா ஒன்று கொண்டுவாருங்கள். இரவில் மழை பெய்திருந்தாலும் வாருங்கள். நனைந்த இலையோடு ஒருமுறையும், வெயில் ஏறி உலர்ந்த பிறகு ஒருமுறையும் அதே வழியில் நடந்துவிடலாம்.